கைவிடப்பட்ட பழைய பெட்ரோல் பங்க் நிலத்தைக் குழந்தைகள் பூங்காவாக மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும் முன் பூங்காவுக்கு வரைபடம் போடக் கூடாது. முதற்கட்ட ஆய்வில் மண்ணைத் தோண்டுவதில்லை. பழைய வரைபடங்கள், உரிமை ஆவணங்கள், அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு, என்னென்ன தொழில்கள் நடந்தன, தொட்டிகள் எங்கே புதைந்துள்ளன என்று கண்டறிவார்கள். ஐயம் எழுந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வகத்தில் சோதிப்பார்கள்.

தொட்டி கசிந்த இடத்தில் முதலில் தேட வேண்டியது புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன். அது நீரோடு நகர்வதுடன், ஆவியாகித் தரை விரிசல்களின் வழியே மேலே கட்டப்படும் அறைக்குள்ளும் புகும். ஈயம் அப்படியன்று: பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கி, விளையாடும் குழந்தையின் விரல்கள் வழியாக வாய்க்குள் போகும். ஆகவே வாகன நிறுத்தத்துக்குப் போதுமான சுத்திகரிப்பு உங்கள் பூங்காவுக்குப் போதாமல் போகலாம். நச்சு மண்ணை அகற்றலாம், ஆவியை உறிஞ்சி எடுக்கலாம், தூய மண்ணால் மூடலாம். மூடினால் அதைப் பல்லாண்டுகள் கண்காணிக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சட்டப் பொறுப்பையும் பாருங்கள். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், மாசுபடுத்தாத தற்போதைய உரிமையாளரையும் சுத்திகரிப்புச் செலவுக்குப் பொறுப்பாக்கக்கூடியதாக இருந்ததால், மாசுபட்ட பழைய தொழில் நிலங்களை வாங்கவே பலர் அஞ்சினர். வாங்கும் முன் உரிய விசாரணை செய்து, பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றுவோருக்கு 2002-இல் வந்த திருத்தம் பாதுகாப்பளித்தது. எனவே எந்த நாட்டிலும் கிரயத்துக்கு முன்பே ஆய்வை முடித்துவிடுங்கள்.