அடிக்கோடிட்ட எண்ணை நம்பித் துறைமுகத்துக்குள் போகலாமா?

கேள்வி: என் பாய்மரப் படகு ஒற்றைக் கீல் (அடியில் நீட்டியிருக்கும் முதுகெலும்புப் பகுதி) கொண்டது, நீருக்குள் 1.2 மீட்டர் அமிழும். ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இறங்கினால் தரை தட்டிப்போகும் சிறு துறைமுகம் ஒன்றில் ஓரிரவு தங்க ஆசை. கடல் வரைபடத்தில் வாசலருகே 2.1 என்று அடிக்கோடிட்டுப் போட்டிருக்கிறது. அந்த ஆழம் போதும்தானே? கரையில் ஒருவர், பணம் கொடுத்தால் வழிகாட்டுவதாகச் சொல்கிறார்.

பதில்: அது ஆழமே இல்லை. வரைபடத்தின் அடிமட்டத்துக்கு (ஓதம் மிகத் தாழும் மட்டத்துக்கு) மேல் தரை 2.1 மீட்டர் மேடிட்டு நிற்கிறது என்று பொருள். அதோடு உங்கள் 1.2-ஐயும் கையிருப்பாக அரை மீட்டரையும் கூட்டுங்கள்: அதே அடிமட்டத்துக்கு மேல் ஓதம் 3.8 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். அன்றைய உயர் ஓதம் 4.6, தாழ் ஓதம் 0.6 என்றால், உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்தான் வாசல் திறந்திருக்கும். காற்றழுத்தம் 1033 ஹெக்டோபாஸ்கல் இருந்தால் ஓதத்தின் உயரமும் சுமார் 20 சென்டிமீட்டர் குறையும்.

ஏறும் ஓதத்தில் நுழையுங்கள்; தட்டினாலும் தண்ணீரே தூக்கிவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பெருக்கு, அதாவது மிக உயரமாக ஏறும் ஓதம், உச்சம் தொடும். அந்த உச்ச நேரத்தில் போய்த் தட்டினால், அடுத்த ஓதம் அந்த அளவுக்கு ஏறாது. அதற்கடுத்தது இன்னும் குறையும். அடுத்த பெருக்கு வரும்வரை, இரண்டு வாரம்கூட, படகு அங்கேயே கிடக்கும். 'நாளைக்குக் கிளப்பிவிடலாம்' என்பதெல்லாம் நடக்காது.

வழிகாட்டியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்கள் படகு எவ்வளவு அமிழும்? வற்றிய நேரத்தில் அங்கே கடைசியாக எப்போது நடந்து பார்த்தீர்கள்? முழங்கால் தண்ணீரில் ஓடும் தட்டைப் படகுக்காரர் 'எல்லாரும் போறாங்க சார்' என்பார். காசு வாங்கிக்கொண்டு மிதவையில் கட்டச் சொல்பவரிடம், அடியில் என்ன கனம் கிடக்கிறது என்றும் கேளுங்கள். துறைமுக அலுவலகங்களும் லேசுப்பட்டவை அல்ல. புயலுக்குப் பின் மணல்திட்டு இடம் மாறியிருக்கும். பலகையில் பழைய ஆழமே தொங்கும். வரைபடத்தில் அளவெடுத்த ஆண்டைத் தேடிப் பாருங்கள்.

ஒற்றைக் கீல் படகு, முட்டுக்கால் இல்லாமல் வற்றினால் பக்கவாட்டில் சாயும். சுவரோரம் கட்டினால் சுவர்ப்பக்கம் லேசாகச் சாயும்படி படகின் மேல்தளத்தில் கனம் வையுங்கள். அலை உள்ளே வரும் நாளில் அதுவும் வேண்டாம். தரை தொடும் நேரத்தில் கீல் இடிபடும்.

உங்கள் படகுக்கு வெளியே நங்கூரமிடுவதே மேல். உயர் ஓத ஆழத்தோடு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதன் நான்கு மடங்கு சங்கிலி விடுங்கள். இரவில் காற்று கரைப்பக்கம் திரும்பினால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போங்கள். துறைமுகத்துக்கு ஓடாதீர்கள், அந்நேரம் அங்கே தண்ணீர் இல்லாமல் போகலாம்.