பின்பக்கத்துப் பாடல்கள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறான். எல்லாமே பிறர் பாடல்கள். சொந்தமாக ஒன்றுகூட இல்லை. கண்டித்தால், பீட்டில்ஸும் தொடக்கத்தில் பிபிசி வானொலியில் அப்படித்தான் பாடினார்கள் என்கிறான். அந்தப் பதிவுகள் 1994இலும் 2013இலும் இரண்டு தொகுப்புகளாக வந்திருக்கின்றனவாம். பிறந்தநாளுக்கு எதை வாங்கித் தரலாம்? ஒலித்தரம் மோசம் என்கிறார்களே? நகல்களைக் கேட்டு அவன் மேலும் சோம்பேறியாகிவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திட்டிக்கொண்டே பிறந்தநாள் பரிசும் தேடுகிறீர்கள். அந்தப் பாசத்துக்காகவே இந்தப் பதில். சில வாரங்களாக நானும் அந்தப் பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு பாடலைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் அவற்றை நகல்கள் என்று தீர்ப்பெழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஒலித்தரத்தை விடுங்கள். பிபிசி தன் நாடாக்களில் பலவற்றை அழித்துவிட்டது. வீட்டில் வானொலியிலிருந்து பதிவுசெய்து வைத்திருந்த நேயர்களால் பிழைத்தவை பல. இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

1962 மார்ச்சிலிருந்து 1965 ஜூன் வரை பீட்டில்ஸ் குழுவினர் பிபிசிக்காக 88 பாடல்களை 275 முறை பாடினார்கள். அவற்றில் 36 பாடல்களை, குழு இயங்கிய காலத்தில் இசைத்தட்டாக வெளியிடவே இல்லை. அந்த 36இல் ஒன்றைத் தவிர எல்லாம் பிறருடையவை. இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பிபிசி இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்குக் கடுமையான வரம்பு இருந்ததால், கலைஞர்களை வரவழைத்துப் பாடவைத்தே மீதி நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 1963 கோடையில் 'பாப் கோ த பீட்டில்ஸ்' என்று 15 நிகழ்ச்சிகள் கையில் வந்தபோது, சொந்த ஊரான லிவர்பூலிலும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் இரவு விடுதிகளில் பாடிப் பழகிய பாடல்கள்தாம் கைகொடுத்தன.

அந்தப் பாடல்களை அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். லிவர்பூலில் எல்லாக் குழுக்களும் ஒரே பாடல்களைப் பாடிக்கொண்டிருந்ததால், மற்றவர்கள் தொடாத பாடலுக்காக இவர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளின் பின்பக்கங்களை, அதாவது முன்பக்கத்துப் பிரதான பாடலுக்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட பாடல்களை, துழாவினார்கள். அலபாமாவின் கறுப்பினப் பாடகர் ஆர்தர் அலெக்சாண்டர் 1962இல் பாடிய 'சோல்ஜர் ஆஃப் லவ்' அப்படி ஒரு பின்பக்கத்துப் பாடல். ஒரு நண்பர் தம் அறையில் மூலத்தையும் பீட்டில்ஸின் ஜான் லெனன் பாடியதையும் எனக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். விடியும்வரை மாற்றி மாற்றிக் கேட்டோம். ஆயுதங்களைக் கீழே போடு என்று காதலியிடம் அலெக்சாண்டர் மன்றாடுகிறார், அடிபட்டவனின் அடங்கிய குரலில். லெனனோ அதே மன்றாட்டை முரட்டுத்தனமாகப் பாடுகிறார். பின்னாலிருந்து குழுவில் இருவர் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க, ஒருவனின் புலம்பல் ஒரு கும்பலின் கோரிக்கையாகிவிடுகிறது. மெட்டு மாறவில்லை, சொற்களும் ஏறக்குறைய அவையே. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சொந்தப் பாடல் என்கிறீர்கள். அந்த 36இல் அவர்களே எழுதிய ஒரே பாடல் 'ஐல் பி ஆன் மை வே'. 'சோல்ஜர் ஆஃப் லவ்'வுக்குப் பக்கத்தில் அது வெளிறிப்போய் நிற்கிறது. அவர்களுடைய முதல் நெடுந்தட்டின் (எல்.பி. இசைத்தட்டின்) 14 பாடல்களில் 6 பிறருடையவை. முழுக்கச் சொந்தப் பாடல்களோடு ஒரு நெடுந்தட்டு வர 1964 ஜூலை ஆயிற்று. அதற்குள் எத்தனை பேருடைய பாடல்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிப் பார்த்திருப்பார்கள்! உங்கள் மகனை நான் குறை சொல்வதானால், ஊரறிந்த பாடல்களையே வாசிக்கிறானா என்று கேட்டுத்தான் சொல்வேன். அதை நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

அலெக்சாண்டர் பின்னாளில் இசையை விட்டு, கிளீவ்லாந்தில் பேருந்து ஓட்டினார். 1993இல் ஒரு புதிய தொகுப்போடு திரும்பி வந்தவர், அதே ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அவருடைய பாடலை லெனன் பாடிய பதிவு அதிகாரபூர்வமாக வெளியானது மறு ஆண்டு நவம்பரில்.

எந்தத் தொகுப்பு என்றுதானே கேட்டிருந்தீர்கள்? 1994ஆம் ஆண்டினுடையதை வாங்குங்கள். அலெக்சாண்டரின் மூலத்தையும் தேடிப் பிடித்து, அதை முதலில் போடச் சொல்லுங்கள். நீங்களும் உடன் உட்கார்ந்து கேளுங்கள்.