பப்பாளி மாவுப்பூச்சி: வண்டும் குளவியும் ஒரே நாளில் விடலாமா?

அண்ணாச்சி, சேரன்மகாதேவி தோட்டத்துல பப்பாளி மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டையும் குளவியையும் வாங்கி ஒரே நாள்ல விடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். முதல்ல குளவிதான். அசிரோபேகஸ் பப்பாயேங்கிற இந்தச் சின்னக் குளவி பப்பாளி மாவுப்பூச்சியைத் தேடித்தான் அது உடம்புக்குள்ள முட்டை வைக்கும். ஊருக்கு 100 விட்டா போதும், தானா பரவும். கிரிப்டோலேமஸ்ங்கிற பொறிவண்டு, குளவி முட்டை வச்ச மாவுப்பூச்சியையும் சேர்த்துத் தின்னுடும். அதான் சிக்கல்.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு இலையடியில லென்ஸ் வச்சுப் பாருங்க. உப்பி, பழுப்பேறி, வட்ட ஓட்டை விழுந்த செத்த மாவுப்பூச்சிக் கூடு தெரிஞ்சா குளவி வேலையை ஆரம்பிச்சிட்டு. அப்பவும் வெள்ளையா அப்பிக் கிடக்கிற மரத்துக்கு மட்டும் 10 வண்டு வீதம் விடுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி எறும்பைத் தடுக்கணும். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக (தேன்கழிவு) அதுக்குக் காவல் நின்னு குளவி, வண்டு ரெண்டு பேரையும் எறும்பு விரட்டிடும். தண்டுல பாலித்தீன் சுத்தி அது மேல கிரீஸ் தடவுங்க. பட்டையில நேரா தடவாதீங்க. தரையைத் தொடுற இலை, களையை அறுத்துடுங்க, இல்லேன்னா அந்த வழியா ஏறிடும்.

வண்டுப் புழுவும் வெள்ளை மெழுகோட பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வேலையாட்கள் நசுக்கிடாம பார்த்துக்கோங்க; விறுவிறுன்னு நடந்தா அது நம்ம ஆளு. ஆடிக் காத்துல குளவி நிக்காது, காத்து அடங்கின விடியக்காலையில விடுங்க. புரோபெனோபாஸ் பூச்சிமருந்து பக்கமே போகாதீங்க.