ஐபிஎஸ்: வெங்காயத்தை ஒதுக்கியும் சாம்பாரில் வயிறு உப்புவது ஏன்?

ஐபிஎஸ் (எளிதில் எரிச்சலடையும் குடல்) இருக்கிறது, வெங்காயத்தை ஒதுக்கிச் சாப்பிட்டும் சாம்பாரில் வயிறு உப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சாம்பாரில் வெந்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கி வைப்பதால் பலன் இல்லைங்க. போடாமலே சமைக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான் என்றொரு சத்து உண்டு. சிறுகுடலில் செரிக்காது, பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகும். ஸ்கோப்பி (குடலைக் கேமராவால் பார்க்கும் சோதனை) நார்மலாக இருந்தாலும் ஐபிஎஸ் குடலுக்கு அந்த அழுத்தமே வலிதான். ஃப்ரக்டான் தண்ணீரில் கரைவதால் குழம்பு முழுக்க இறங்கிவிடுகிறது. எண்ணெயில் கரையாது. எனவே முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, தண்ணீர் சேர்க்கும் முன்பே எடுத்துவிடுங்கள். மணம் எண்ணெயில் நிற்கும்.

2 வாரம் இப்படிச் சமைத்துப் பாருங்கள். கடை ஊறுகாய், பொடிகளில் பூண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். துவரம்பருப்பையும் குறையுங்கள், அதிலும் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் உண்டு.

உப்புசம் தணிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய லோ ஃபாட்மேப் முறையும் (குடலில் நொதிக்கும் சர்க்கரை வகைகளைக் கொஞ்ச நாள் குறைக்கும் உணவுமுறை) இப்படித்தான். ஆயுள் முழுக்கப் பத்தியம் வேண்டாம், சத்துக்குறைவு வரலாம்.

அப்புறம், கோதுமையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். கோதுமை சாப்பிடாதபோது முடிவு தவறாக வரலாம். மலத்தில் ரத்தம், ரத்தசோகை, காரணமில்லாமல் எடை குறைவு இருந்தால் உணவுப் பரிசோதனையை விட்டுவிட்டு உடனே அவரைப் பாருங்கள்.