குட்டிகளின் வளர்ச்சியும் மன உளைச்சலும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தாயைப் பிரிந்த குட்டிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். மன உளைச்சல் குட்டிகளின் உடல் வளர்ச்சியையே குறைத்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. மிரண்டுபோன குட்டி சரியாகத் தின்னாது, தின்னாத குட்டி வளராது, அவ்வளவுதானே? இதில் மனத்தை எதற்காக இழுக்க வேண்டும்? என்னிடம் இருக்கும் நாய், நான்கு வாரக் குட்டியாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. இப்போது அதற்கு இரண்டு வயது. உடன்பிறந்தவற்றைவிட உருவத்தில் சிறியதாகவே நின்றுவிட்டது. அந்தப் பிரிவுதான் காரணமா, இனி வளருமா என்பதையும் எழுதினால் மகிழ்வேன்.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. பெரும்பாலான நேரங்களில் நீங்கள் சொல்வதும் நடக்கத்தான் செய்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் பன்றிக்குட்டிகள் பல, முதல் ஓரிரு நாட்கள் தீவனத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதற்குள்ளாகவே அவற்றின் சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. இங்கே பசியின்மையையும் மிரட்சியையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட சோதனைகள் உண்டு.

1970களின் இறுதியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க், சிந்தியா கூன் முதலியோர் பால்குடி மறவாத எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, உடல் குளிர்ந்துவிடாமல் கதகதப்பான பெட்டியில் வைத்தார்கள். சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் சரிந்தது. மூளை, இதயம் போன்ற உறுப்புகளில் திசு வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடைய ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியின் செயல்பாடும் குறைந்தது. இதுவரை உங்கள் வாதத்துக்கு இடமிருக்கிறது, ஏனெனில் குட்டிகளுக்குப் பாலும் இல்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியமானது. ஒரு தாய் எலியின் முலைக்காம்புகளைக் கட்டிவிட்டு, அதைக் குட்டிகளோடு இருக்கவிட்டார்கள். அது வழக்கம்போல் குட்டிகளை நக்கியது, புரட்டியது, அணைத்துக்கொண்டது. பால் மட்டும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குட்டிகளிடம் நொதி குறையவில்லை. இன்னொரு தாயை மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தினார்கள். அதன் உடற்சூடும் வாசனையும் குட்டிகளுக்கு அருகிலேயே இருந்தன, ஆனால் நொதி குறைந்தது. தாயே இல்லாத குட்டிகளை ஈரத் தூரிகையால், தாய் நக்குவது போன்ற அழுத்தத்தோடு தொடர்ந்து வருடியபோது ஹார்மோனும் நொதியும் பழைய நிலைக்கு மீண்டன.

பிரிந்த குட்டிகளுக்கு வளர்ச்சி ஹார்மோனை ஊசி வழியாகச் செலுத்தியும் பார்த்தார்கள். திசுக்கள் அதற்கு வழக்கம்போல் எதிர்வினை காட்டவில்லை. அதாவது, சுரப்பது குறைவதோடு, சுரப்பதை ஏற்கும் தன்மையும் மங்கிவிடுகிறது. இவை சில மணி நேர அளவீடுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் எலி எத்தனை கிராம் குறைந்து வளரும் என்று இவற்றிலிருந்து கணக்கிட முடியாது. எலியிடம் காண்பதை எல்லா உயிர்களுக்கும் அப்படியே நீட்டவும் முடியாது. திடீர் அதிர்ச்சியின்போது எலிக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, மனிதருக்கோ கூடுகிறது.

நாள்கணக்கில் நீடிக்கும் உளைச்சலின் வழி வேறு. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, உளைச்சல் ஹார்மோனான கார்டிசாலும் அதன் இனத்தைச் சேர்ந்த ஹார்மோன்களும் இரத்தத்தில் உயர்ந்தபடியே இருக்கும். அவை எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பின் வேலையை மந்தமாக்குகின்றன, தசைப் புரதத்தைக் கரைக்கின்றன, நோய் எதிர்ப்புக்குப் பொறுப்பான தைமஸைச் சுருக்குகின்றன. குட்டி வயிறு நிறையத் தின்றாலும் இவை நடக்கும்.

மனிதக் குழந்தைகளிடமும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. யாரும் திட்டமிட்டு உருவாக்காதது என்பதால் அதை நான் பெரிதும் மதிக்கிறேன். 1948இல், போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், எல்சி விடோசன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் ஒரே அளவு ரேஷன் பெற்ற இரண்டு அநாதை இல்லங்களின் குழந்தைகளை எடைபோட்டு வந்தார். ஆறு மாதங்களுக்குப் பின் ஓர் இல்லத்துக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு ஆகியவை கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. கூடுதல் உணவு பெற்ற குழந்தைகளே குறைவாக வளர்ந்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது: உணவு கூட்டப்பட்ட அதே சமயத்தில், சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னிலையிலும் குழந்தைகளைத் திட்டி அழவைக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் அந்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவர் தம்மோடு அழைத்து வந்த செல்லக் குழந்தைகள் எட்டுப் பேர் மட்டும் நன்றாகவே எடை கூடினார்கள். விடோசன் இதை 1951இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்.

ஆனாலும், உளைச்சல் என்றால் வளர்ச்சி குன்றும் என்று சூத்திரம்போல் சொல்வதை நான் ஏற்பதில்லை. கனடாவின் யூகான் பகுதியில் வாழும் சிவப்பு அணில்கள் தனித்தனியே எல்லை வகுத்துக்கொண்டு வாழ்பவை. ஆய்வாளர்கள் அங்கே ஒலிபெருக்கி வைத்து மற்ற அணில்களின் எல்லைக் கூவலை ஒலிக்கவிட்டார்கள். சுற்றிலும் கூட்டம் பெருகிவிட்டதாக நினைத்த தாய்களின் உளைச்சல் ஹார்மோன் உயர்ந்தது. கூடுதல் உணவு எதுவும் இல்லாமலேயே அவற்றின் குட்டிகள் வேகமாக வளர்ந்தன. கர்ப்பிணி அணில்களுக்கு நிலக்கடலை வெண்ணெயில் கார்டிசாலைக் கலந்து கொடுத்தபோதும் அதுவே நடந்தது. கூட்டம் மிகுந்த ஆண்டில் சீக்கிரம் வளர்ந்து ஓர் இடத்தைப் பிடிக்காத குட்டி பனிக்காலத்தைத் தாண்டாது. அதே வடபுலத்தில் வாழும் பனிமுயல்களிடமோ நேர்மாறு: சினையாக இருந்தபோது நாயை விட்டு மிரட்டப்பட்ட முயல்கள், எடையும் அளவும் குறைந்த குட்டிகளை ஈன்றன. உளைச்சல் ஒரு செய்தி. அந்த இனம் எத்தகைய ஆபத்துகளுக்கு நடுவில் வாழ்ந்து வந்திருக்கிறதோ, அதற்கேற்ப உடல் அதை வாசிக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் நாய். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளின் உருவம் பிறவியிலேயே வேறுபடும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் இருப்பதும் உண்டு. குடற்புழுவும் வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே நான்காம் வாரப் பிரிவுதான் காரணம் என்று என்னால் உறுதி கூற இயலாது; ஒரு பங்கு இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்வது நேர்மையாகாது. இரண்டு வயதில் எலும்பு நுனிகள் மூடியிருக்கும் என்பதால் இனி அது உயராது. எடையைக் கூட்டலாமே என்று அதிகமாகத் தீனி போட வேண்டாம், கொழுப்புதான் சேரும். அடுத்த குட்டியை எடுக்கும்போது எட்டு வாரம் முடியும்வரை தாயிடமே விட்டுவையுங்கள். அதற்குமுன் பிரிக்க நேர்ந்தால் உடன்பிறந்த ஒன்றையாவது சேர்த்து எடுங்கள், அடிக்கடி கையில் வைத்துத் தடவிக்கொடுங்கள்.