நோய் எங்கே தொற்றுகிறது?

கேள்வி: வடமாநிலத் தொழிலாளர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள். நாகர்கோவில் சந்திப்பில் ரயிலைவிட்டு இறங்கியதுமே அவர்களுக்குப் பரிசோதனை நடத்தினால் என்ன? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பரிசோதனையைப் பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகுடா விசாவுக்கான ‘மெடிக்கலில்’ ‘அன்ஃபிட்’ ஆகி வீடு திரும்பியவர்களைக் குளச்சலும் தூத்தூரும் நன்கறியும்; எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே விசா கைவிட்டுப் போகும். அப்படிச் சலித்தெடுத்து அனுப்பப்பட்ட திடகாத்திரமான இளைஞர்களில் சிலர், கொளுத்தும் வெயிலில் போதிய தண்ணீரின்றி உழைத்துச் சிறுநீரகம் கெட்டுத் திரும்பியபோது, அந்த நோயை அவர்கள் இங்கிருந்து கொண்டுபோனதாக நாம் சொன்னதில்லை.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இத்தனை தூரம் பிழைக்க வருபவரும் பெரும்பாலும் அவர் வீட்டில் உடல்வலு மிக்கவரே. ஜன்னலில்லாத தகரக் கொட்டகையில் பத்துப் பேரை நெருக்கிப் படுக்கவைத்தால், ஒருவருடைய இருமல் அனைவருக்கும் தொற்றத்தான் செய்யும். காசநோய்க்கு 6 மாதம் விடாமல் மருந்து உண்ண வேண்டும், மருந்து இலவசம்தான். ஆனால் அதை வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். இரண்டாம் மாதமே ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கேரளத்து வேலைக்கு மாற்றிவிட்டால் மருந்தும் நின்றுபோகும். பாதியில் நின்ற மருந்து கிருமிக்குப் பலத்தைத் தருகிறது.

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன்: ஒப்பந்தக்காரர்தான் தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே கூறியது. 6 மாதத்துக்கு மேல் இங்கு வசிப்பதாகத் தொழிலாளர் துறை சான்றளித்தால், வெளிமாநிலத்தவரும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆனால் கொட்டகையில் இருப்பவரின் பெயர் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டிலேயே இல்லாதபோது, அவர் இங்கு வசிக்கிறார் என்று யார் சான்றளிப்பது?

ஆகவே ரயிலடியில் மேசை போடுவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டைச் சோதிக்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலாவது இந்தி தெரிந்த ஒருவரோடு சுகாதாரத் துறையினர் கொட்டகைகளுக்கே செல்ல வேண்டும். பரிசோதனை அங்கே நடக்கட்டும். நோய் கண்டவருக்கு மருந்தும், அதை உண்டு முடிக்கும்வரை அவருடைய வேலைக்கு உத்தரவாதமும் அங்கேயே தரப்படட்டும்.