2014 டீசல் காரை இப்போதே தள்ளிவிட வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். 2014 மாடல் டீசல் கார் வைத்திருக்கிறேன். மாதம் 700 கிலோமீட்டர் ஓடும், பெரும்பாலும் பக்கத்திலேயே சின்னச் சின்ன ஓட்டம், லிட்டருக்கு 18 கொடுக்கிறது. நண்பர்கள் எல்லோரும் கார் பைத்தியங்கள். மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போவதற்கும் கஜா புயலுக்கும் உன்னை மாதிரி டீசல்காரன்தான் காரணம் என்கிறார் மின்சாரக் கார் வாங்கிய ஒருவர். பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்கிறார் இன்னொருவர். பத்து வருட டீசலுக்குத் தடை வருகிறது, வந்த விலைக்குக் கொடுத்துவிடு என்று கார் புரோக்கர் அவசரப்படுத்துகிறார். ஹைட்ரஜன் கிட் மாட்டினால் மைலேஜ் கூடும், புகை குறையும் என்கிறார் மச்சான், விலை ஒன்பதாயிரமாம். செகண்ட் ஹேண்டில், புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 டீசல் ஒன்று எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: விற்க வேண்டாம். கிட் மாட்ட வேண்டாம். பிஎஸ்-6 டீசல், உங்கள் ஓட்டத்துக்கு நிச்சயமாக வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் தடை விஷயம், ஏனென்றால் உங்களை அவசரப்படுத்துவது அதுதான். பத்து வருட டீசல் என்ற பேச்சு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதிக்கும் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த உத்தரவு மன்னார்குடிக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் பதிவான சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் பதிவு உண்டு. அதற்குப் பிறகு வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். உங்கள் வண்டிக்கு 2029 வரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. டெல்லிச் செய்தியை டெல்டாவில் காட்டி அடிமாட்டு விலைக்கு வண்டி வாங்குவது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

அதைவிட மோசம், அவர்கள் வாங்கும் விதம். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான பார்ம் 29, பார்ம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். 'பார்ட்டி கிடைத்ததும் பெயர் மாற்றிவிடுகிறேன்' என்பார்கள். வண்டி நான்கு கை மாறும், ஆர்சி உங்கள் பெயரிலேயே கிடக்கும். அந்த வண்டி எங்காவது இன்சூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. இதை யாரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால் ஆன்லைனில் பார் என்பார்கள். ஆன்லைனில் பார்த்தால் அலுவலகத்துக்கு வா என்று வரும். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். என்றைக்கு விற்றாலும் பெயர் மாறிய ஆர்சியைக் கண்ணால் பார்க்கும் வரை கணக்கு முடிந்ததாக நினைக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் மனசாட்சிக் கேள்வி. பருவநிலை மாற்றம் கட்டுக்கதை இல்லை. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் சூடாகிறது, சூடான கடல் புயலுக்கு வலு கூட்டுகிறது. அதற்காகக் கஜாவை உங்கள் கார் தலையில் கட்டுவது அபத்தம்.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 8,400 கிலோமீட்டர், சுமார் 467 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.65 கிலோ கரியமில வாயு. ஆக வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் டன். இதே தூரத்தைச் சின்ன மின்சாரக் காரில், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று ஓட்டினால், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து 1,300 யூனிட் வேண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ வெளியாகிறது, ஏனென்றால் பெரும்பகுதி இன்னும் நிலக்கரி. பக்கத்து நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி, அது இன்னும் அதிகம் கக்கும். ஆக 900 கிலோ. மின்சாரக் கார் குறைவாகத்தான் விடுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு மிச்சம் வருடம் 300 கிலோ சொச்சம். ஒரு புதிய மின்சாரக் காரை பாட்டரியோடு தயாரிக்கவே, குறைத்துப் போட்டாலும் ஆறேழு டன் ஆகும். அதை 300, 300-ஆகக் கழிக்க இருபது வருடம் வேண்டும். இன்னொன்றையும் உங்கள் நண்பர் மறந்துவிட்டார். நீங்கள் விற்றால் அந்த டீசல் கார் மாயமாகிவிடாது, பட்டுக்கோட்டையில் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவர் என்றால் கணக்கு வேறு. அது உங்கள் கதை இல்லை, விடுங்கள்.

ஹைட்ரஜன் கிட்டுக்கு வருவோம். பாட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து வரும் வாயுவை இன்ஜினுக்குள் விடுகிறார்களாம். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது? உங்கள் டீசல். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் சக்தி, அந்த வாயுவை எரிக்கும்போது முழுதாகத் திரும்பாது. போர்வெல் தண்ணீரை மேலே ஏற்றி, அதையே கீழே விட்டு மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்திலேயே மோட்டாரை ஓட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால் உங்கள் மச்சான் காசு கொடுப்பாரா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை நூற்றுக்கும் மேல் சோதித்துப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூட்டியது ஒன்றுகூட இல்லை. காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகும் மின்னும் டப்பா எல்லாம் ஒரே குடும்பம். மாட்டியவர்கள் மைலேஜ் கூடியது என்று சத்தியம் செய்வார்கள். ஒன்பதாயிரம் கொடுத்தவன் ஒரு வாரம் பதமாக ஓட்டுவான், மைலேஜ் கூடத்தான் செய்யும். ஒயரிங்கில் கை வைத்த வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அதைத்தான் காட்டும்.

இனி பிஎஸ்-6 டீசல். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய டீசல் சுத்தம் என்ற பாதி உண்மையை நம்பி நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரி நிரம்பியதும் வண்டி தானாகவே அதைச் சூடேற்றி எரித்துவிடும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். நிற்காமல் பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் அது நடக்கும். வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து கடைத்தெருவுக்கு, அங்கிருந்து பிள்ளையை அழைக்கப் பள்ளிக்கூடத்துக்கு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடும் வண்டியில் நடக்காது. எரியத் தொடங்கும்போதே நீங்கள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி இழுக்காமல் நிற்கும். வடிகட்டியை மாற்றும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். அந்த நேரம் பார்த்து ஒரு மெக்கானிக், 'அண்ணே, உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம்' என்பார். செய்துவிட்டால் உங்கள் பழைய காரைவிட மோசமாகப் புகை விடும், சட்டத்துக்கும் விரோதம். அப்படி உடைத்த வண்டிகள்தான் மலிவாக செகண்ட் ஹேண்டில் வருகின்றன. பார்க்கப் போனால் புகைக்குழாயின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக உள்ள வண்டியில் கை கருக்காது. கருத்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று முறை வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரை நிற்காமல் போய்வருகிறவருக்கு இந்தத் தொல்லை வராது. ஆனால் நிற்காமல் என்றால் உண்மையாகவே நிற்காமல். வழியில் டீக்கடை, கல்யாண வீடு, உரக்கடை என்று நான்கு இடத்தில் இறங்கினால் அது தஞ்சாவூர்ப் பயணம் ஆனாலும் வடிகட்டிக்கு நான்கு சின்ன ஓட்டம்தான். விளக்கு எரிந்ததும் பதறாமல், வண்டியை அணைக்காமல், ஒரு ரவுண்டு பெரிய ரோட்டில் ஓட்டிவிட்டு வரும் பொறுமையும் வேண்டும்.

சரி, இருக்கிற வண்டியில் என்ன செய்யலாம்? டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள், காலையில், டயர் சூடாகும் முன். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், தூற்றுவார்கள், அந்தத் தூசும் உமியும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் அறுவடை முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். சென்னைக்குப் போகும்போது 100-க்குப் பதில் 80-ல் போனால் கிடைக்கும் மிச்சத்தை எந்தக் கிட்டும் தராது, காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஏற்றத்தில் கருப்பாகப் புகை தள்ளுகிறதா என்று பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளினால் இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு இரண்டையும் காட்டுங்கள். டீசல் கரித்துகள் உங்கள் தெருவில் மூச்சு விடுகிறவர்களுக்கு நேரடிக் கெடுதல், அந்த ஒரு விஷயத்தில் டீசலைத் திட்டும் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் உண்டு. புகைச் சான்றிதழை நம்பி உட்கார வேண்டாம். வண்டியே போகாமல் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு சான்றிதழ் நீட்டும் இடங்கள் இருக்கிற வரை அந்தக் காகிதத்துக்கு என்ன மரியாதை?

2029 நெருங்கி, எப்படியும் வேறு கார் வாங்குவதானால் மின்சாரக் காரைத் தாராளமாக யோசியுங்கள், உங்கள் மாதிரிக் குறுகிய ஓட்டத்துக்கு அதுதான் பொருத்தம். விற்பவர் சொல்லாத ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 1,300 யூனிட் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 210, 220 யூனிட் கூடும். வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்குக்கும் விலை ஏறும். ஏசி ஓடும் வீடு என்றால் சுலபமாகத் தாண்டும். கூரையில் சோலார் போட்டால் இந்தக் கவலையும் நிலக்கரிக் கணக்கும் சேர்ந்தே குறையும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். கஜா மாதிரி வாரக்கணக்கில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கம்பி அறுந்த காலத்தில் பாட்டரி இல்லாத சாதாரண சோலாரும் வேலை செய்யாது, அதனால் வீட்டில் ஒரு பைக் இருக்கட்டும்.

காரை அதற்கு மேலும் வைத்துக்கொள்ள முடிவு செய்தால், பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் பார்ம் 25-ல் விண்ணப்பம், வண்டியை நேரில் காட்ட வேண்டும். 15 வருடம் முடிந்து முதல்முறை புதுப்பிக்கும் காருக்குக் கட்டணம் 2022-லிருந்து 5,000 ரூபாய், பசுமை வரி தனி. ஆர்டிஓ அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர் இதைவிட எவ்வளவு கூடக் கேட்கிறார் என்று பாருங்கள், கொடுக்காதீர்கள்.